.22 பிஸ்டலோடு ரேஞ்சுக்குப் போகும் பையில் என்ன இருக்க வேண்டும்?

25 மீட்டர் ரேஞ்சில் .22 லாங் ரைஃபிள் தோட்டா போட்டுச் சுடுபவர்களுக்கானது இது. கிளப் பிஸ்டலோ சொந்த லைசென்ஸில் வாங்கியதோ, பையில் பெரிய வித்தியாசம் இருக்காது. பைக்கென்று தனியாகச் செலவழிக்காதீர்கள்; நல்ல ஜிப் உள்ள பழைய பள்ளிக்கூடப் பை போதும். அந்தக் காசைக் காதுக்கும் மேகசினுக்கும் (பிஸ்டலுக்குள் செருகும் தோட்டாக் கூடு) போடுங்கள்.

முதலில் காது. .22 சின்னத் தோட்டாதானே என்று சும்மா நிற்பவர்கள் உண்டு. பிஸ்டலின் குழல் குட்டை, வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். மேலே கூரையும் பக்கத்தில் தடுப்பும் இருந்தால் இன்னும் மோசம். ஃபோம் பிளக், அதன்மேல் இயர்மஃப், இரண்டும் வேண்டும். பிளக்கை மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பாதி பிளக் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் போடாததுபோலத்தான். கண்ணாடியின் காம்பு தடிமனாக இருந்தால் மஃப் ஒட்டாமல் சந்து விழும். மெல்லிய காம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி. கூடவே முன்விளிம்பு உள்ள தொப்பி: சூடான காலித் தோட்டா நெற்றிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விழுந்தால் கை தன்னால் மேலே போகும், அந்தக் கையில் பிஸ்டல் இருக்கும்.

ஒரு அமர்வுக்கு 100 முதல் 150 தோட்டா, அதாவது 50 கொண்ட பெட்டி 2 அல்லது 3. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேகம்) வகையே போதும். டார்கெட் பிஸ்டல்களின் ஸ்பிரிங் பெரும்பாலும் அதற்குத்தான் அமைக்கப்பட்டிருக்கும். புது வகையை மொத்தமாக வாங்கும் முன் ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். .22-இல் எந்தத் தோட்டா ஒத்துப்போகும் என்பது பிஸ்டலுக்குப் பிஸ்டல் மாறும். வெயிலில் நிற்கும் காரில் பெட்டியை விடாதீர்கள், குண்டின் மேலுள்ள மெழுகு இளகும். போகும்போது பிஸ்டல் காலியாகப் பூட்டிய பெட்டியில், தோட்டா தனியாக, லைசென்ஸ் கையோடு. பிஸ்டல் காலி என்று காட்ட, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) செருகும் பளிச்சென்ற ஆரஞ்சுக் கொடி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எப்படியும் தொலையும்.

சிக்கல்களில் பாதி மேகசினில் தொடங்கும். .22 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேலே வரும் தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் இரண்டும் மாட்டிக்கொண்டு மூக்கு கீழே சாயும், சுடும் நேரத்தில் அடைக்கும். மேகசினின் பக்கவாட்டுப் பொத்தானை ஒரேயடியாகக் கீழே இழுக்காமல், ஒரு தோட்டாவின் அளவுக்கு மட்டும் இறக்கி ஒவ்வொன்றாக நிரப்புங்கள். நிரப்பியதும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் ஒரு தட்டு. இரண்டு மேகசினுக்கும் 1, 2 என்று எண் போடுங்கள். அடைப்பு எப்போதும் 2-இல்தான் வருகிறது என்றால் பிஸ்டலைக் குறை சொல்ல வேண்டாம்.

சின்ன டப்பாவில் இவை:
- பின் சைட்டுக்கு (குறிபார்க்க உதவும் பின்பக்கத் துண்டு) பொருந்தும் ஸ்க்ரூடிரைவர்
- பழைய பல் துலக்கும் பிரஷ் (காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் அடியில் சேரும் கரிக்கு)
- .22 அளவுப் பித்தளைக் கம்பி
- துணித் துண்டுகள், சின்ன எண்ணெய் பாட்டில்
- டார்கெட் தாள், ஸ்டேப்ளர், ஓட்டை ஒட்டும் தாள்

எண்ணெய் ஓரிரு சொட்டுதான். அதிகம் போட்டால் எரியாத மருந்துத் துகள் அதில் ஒட்டிக் களிம்பாகி, சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடை இழுக்கும்.

பித்தளைக் கம்பி ஏன் என்றால்: விசையை அழுத்தியதும் வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று வந்தால் குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது பிளக்கும். சத்தமே வராவிட்டால் குழலை டார்கெட் பக்கமே வைத்து 30 வினாடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. இரண்டிலும் கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். பிஸ்டலைக் காலி செய்த பிறகே, சிக்கிய குண்டைத் தள்ளக் கம்பியை எடுக்கலாம்.

சைட்டைத் திருப்புவதற்கு முன் ஐந்து குண்டு ஒரே குறியில். ஒற்றைக் குண்டைப் பார்த்துத் திருகினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐந்தும் சேர்ந்து இடப்பக்கம் விழுந்தால் பின் சைட்டை வலப்பக்கம் நகர்த்துங்கள். துல்லியச் சுற்று டார்கெட்டில் கறுப்பு வட்டம் 200 மி.மீ., பத்து வளையம் 50 மி.மீ. கறுப்பில் விழுந்த 5.6 மி.மீ. ஓட்டையை 25 மீட்டரிலிருந்து வெறும் கண்ணால் பார்ப்பது சிரமம்; 20 மடங்கு பெரிதாக்கும் சின்ன ஸ்கோப்பும் ஸ்டாண்டும் இருந்தால் நல்லது. பக்கத்தில் நிற்பவரிடம் இருந்தால் இப்போதைக்கு அதுவே போதும்.

சோப்புத் துண்டு ஒன்று கட்டாயம். குண்டு ஈயம், பிரைமர் புகையிலும் ஈயம் உண்டு. கை, முகம் கழுவும் வரை டீயும் வேண்டாம், வடையும் வேண்டாம். கிளம்பும் முன் பையின் எல்லா அறைகளையும் கவிழ்த்துத் தட்டுங்கள். அடியில் தங்கிய ஒரே ஒரு தோட்டாவோடு அடுத்த வாரம் அதே பையை விமான நிலைய ஸ்கேனரில் வைத்தால் போலீஸ் கேஸ் வரை போகும்.