பெப்பமின்டைச் சந்தைப் புதினா என்று நினைத்தால்: வன்னி வளவில் விடும் தவறுகள்

இரண்டு வருசத்துக்கு முன் ரவுணில் ஒரு கடையில் பெப்பமின்ட் விதை என்று ஒரு பை வாங்கினேன். முளைத்தது, வளர்ந்தது. இலையைக் கிள்ளி மணந்து பார்த்தால், சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிற அதே புதினா. பையில் இருந்த படம் மட்டும்தான் பெப்பமின்ட்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, விதை தேடிப் போனதே பிழை. பெப்பமின்ட், நீர்ப்புதினாவும் சாதாரணப் புதினாவும் கலந்து பிறந்த செடி. 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்குத் தனி இனமாகப் பெயர் வைத்தார். கலப்பு என்பது பிறகுதான் தெரிய வந்தது. கலப்புச் செடி என்பதால் அது மலடு. பூத்தாலும் தாய்ச் செடியைப் போல முளைக்கிற விதை கிடைக்காது. தண்டுதான் வழி. நாலு விரல் நீளத் துண்டை ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ் இலைகளைக் கழித்துத் தண்ணீரில் நிறுத்தினால் பத்து நாளுக்குள் வேர் விடும். மார்கழி, தை மாதங்களில் செய்தால் தப்புகிற துண்டுகள் அதிகம்.

யாரிடமாவது தண்டு வாங்கும்போது தண்டின் நிறத்தைப் பாருங்கள். பெப்பமின்டின் தண்டு ஊதாச் சிவப்பு ஓடியிருக்கும், இலை கரும்பச்சை, இலைக்குச் சின்னக் காம்பும் உண்டு. சந்தைப் புதினாவின் இலை பளிச்சென்ற பச்சை, தண்டோடு ஒட்டினாற்போல இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு இலையை மென்று பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாக்கில் குளிர் ஏறினால் அது பெப்பமின்ட்.

அடுத்த தவறு, குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு 'முழு வெயிலில் வை' என்பதை அப்படியே கேட்பது. அது அவர்களுடைய வெயில். எங்கள் பங்குனி வெயிலிலும், அதற்குப் பின்னால் வருகிற சோளகக் காற்றிலும் பெப்பமின்ட் ஒரு கிழமையில் ஓரம் கருகிப்போகும். காலை வெயில் பத்து மணி வரை போதும். பிறகு மாமர நிழல் விழுகிற இடம் நல்லது. காற்று வருகிற பக்கம் ஒரு கிடுகுத் தட்டி கட்டினால் பாதி வேலை முடிந்தது. காய்ந்த காற்றில்தான் இலையின் அடியில் சிற்றுண்ணியும் பிடிக்கும்.

'என்ர செடி பூக்கவே இல்லை, என்ன உரம் போட?' என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றும் போட வேண்டாம். பெப்பமின்ட் பூக்க நீண்ட பகல் வேண்டும். ஆனி மாதத்தில் இங்கிலாந்தில் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். எங்களுக்கு 12½ மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். அதனால் இங்கே அது நிமிராமல் தரையோடு ஓடிக்கொண்டே இருக்கும், அதன் குளிர்ச்சிக்குக் காரணமான மென்தோல் (menthol) என்ற பொருளும் குளிர்நாட்டுச் செடி அளவுக்குக் கட்டாது. யூரியா கொட்டினால் இலை பெருக்கும், வாசம் குறையும், பூச்சி வரும். மக்கிய மாட்டெரு போதும்.

தண்ணீர் விசயத்தில் இரண்டு பக்கமும் பிழை விடுகிறோம். கோடையில் ஒரு நாள் மறந்தாலே வாடிவிடும்; மாரியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அடியில் ஓட்டை போட்ட பழைய வாளி இரண்டுக்கும் தோதானது, தேவைப்பட்டால் தூக்கி இடம் மாற்றலாம். கிணற்றுத் தண்ணீரில் உப்பு ருசித்தால் மழைத்தண்ணீரைச் சேர்த்து வையுங்கள். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாய்க்காலோரம் வாழைக்குச் சரி. பச்சையாகத் தின்னுகிற இலைக்குச் சரியில்லை. மிளகாய்ப் பாத்திக்கு மருந்தடிக்கிற பக்கமும் வேண்டாம்.

சமையலில் ஒரே ஒரு எச்சரிக்கை: சம்பலுக்கும் புரியாணிக்கும் சந்தைப் புதினாவே பொருத்தம். பெப்பமின்டைத் தேங்காய்ப்பூவோடு அரைத்தால் பற்பசை தின்பதுபோல் இருக்கும். (ஒருமுறை செய்தேன். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.) தேசிக்காய்த் தண்ணி, மோர், பிளேன்ரீ இவற்றில்தான் அதற்கு இடம்.

தேத்தண்ணி போடுகிற முறையில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். மல்லித்தண்ணியை அவித்து வற்ற வைத்துப் பழகிய கை, பெப்பமின்டையும் அவிக்கிறது. மல்லி காய்ந்த விதை, கொதி தாங்கும். பெப்பமின்டின் எண்ணெய் ஆவியோடு போய்விடும். குசினி முழுக்க மணக்கிறது என்றால் கோப்பையில் ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். ஏழெட்டு இலையைக் கசக்கிப் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். காய வைப்பதும் நிழலில்தான். மாரியில் காய வைக்க வெளிக்கிடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

மருந்து என்று வரும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். வயிற்றுப் பொருமலுக்கு இந்தத் தேத்தண்ணி சுகம் தரும், உண்மை. ஆனால் நெஞ்செரிவுக்குக் குடிப்பது தலைகீழ் வைத்தியம். உணவுக்குழாயின் அடி வாயை இறுக்கி வைத்திருக்கிற தசையை அது தளர்த்திவிடும், புளிப்பு இன்னும் மேலே ஏறும்.

தடிமனுக்கு ஆவி பிடித்ததும் மூக்கு திறந்ததுபோல் இருக்கும். உண்மையில் அடைப்பு அப்படியே இருக்கிறது. குளிரை உணர்கிற நரம்பு முனையை மென்தோல் தட்டிவிடுவதால் காற்று தாராளமாகப் போவதாகத் தோன்றுகிறது. 2021இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் அந்தக் குளிர் உணர்வியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தியது இதே மென்தோலைத்தான்.

கைக்குழந்தைக்குச் சளி என்று மென்தோல் உள்ள தைலத்தையோ எண்ணெயையோ மூக்கடியிலும் நெஞ்சிலும் பூசவே கூடாது. பிஞ்சுக் குழந்தைக்கு மூச்சே நின்றுபோகக்கூடும். போத்தலில் வருகிற எண்ணெயைப் பெரியவர்களும் சொட்டுச் சொட்டாக விழுங்க வேண்டாம். இலையும் எண்ணெயும் ஒன்றல்ல.

இரத்தசோகைக்கு இரும்புக் குளிசை எடுப்பவர்கள், முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சிகள், கவனிக்க ஒன்று உண்டு. சாதாரணத் தேயிலையைப் போலவே பெப்பமின்ட் தேத்தண்ணியும் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தடுக்கும். சோறு தின்ற கையோடு குடிக்காமல், ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.