இத்தாலியக் கால்பந்து சாதனைகள்: எண் சரி, சொன்ன விதம் தப்பு

இத்தாலிய லீகில் அதிக கோல் அடித்தவர் சில்வியோ பியோலா. இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எத்தனை கோல் என்று கேட்டால்தான் குழப்பம் வரும். ஒரு பட்டியலில் 274 இருக்கும், இன்னொன்றில் 290 இருக்கும். ஏதோ ஒன்று அச்சுப்பிழை என்று நினைத்து, கையில் கிடைத்த எண்ணை எடுத்துப் போட்டுவிடுவோம்.

இரண்டுமே சரியான எண்கள்தான். 274 என்பது இத்தாலியின் முதல் பிரிவான சீரீ ஆ லீகில் மட்டும் அடித்தவை. 290 என்பது 1945-46 பருவத்தில் யுவென்டஸுக்காக அவர் அடித்த 16 கோல்களையும் சேர்த்தது. அந்தப் பருவம் வழக்கமான லீகாக நடக்கவில்லை. போர் அப்போதுதான் முடிந்திருந்தது, நாடு முழுக்கப் பயணம் செய்து ஆடுவது நடக்கிற காரியமாக இல்லை. வடக்கு தனி, மத்திய-தெற்கு தனி என்று பிரித்து ஆடவைத்து, கடைசியில் இரு பக்கத்து அணிகளையும் ஓர் இறுதிச் சுற்றில் மோதவிட்டார்கள். தெற்குப் பிரிவில் இரண்டாம் நிலை அணிகளும் கலந்திருந்தன. அதனால் டொரினோ வென்ற பட்டம் மட்டும் கணக்கில் சேர்ந்தது, அந்த ஆண்டின் கோல்கள் சீரீ ஆ பட்டியலில் ஏறவில்லை.

இத்தாலிய சாதனைகளைப் பற்றி நான் பார்க்கிற தப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எண் பொய்யாக இருக்காது. எந்தப் போட்டி, எந்த ஆண்டிலிருந்து, எதைச் சேர்த்து, எதை விட்டு என்கிற விவரம் வழியில் உதிர்ந்திருக்கும்.

1929-க்கு முந்தைய கணக்கு

இத்தாலியின் முதல் தேசிய சாம்பியன் பட்டப் போட்டி 1898 மே 8 அன்று டூரின் நகரில் நடந்தது. மொத்தம் நாலே அணிகள், ஒரே நாளில் ஆட்டம் முடிந்து ஜெனோவா சாம்பியன். அந்த அணி மொத்தம் 9 பட்டம் வென்றது. கடைசிப் பட்டம் 1923-24 பருவத்தில். எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் ஊரிலும் வெளியூரிலும் மோதுகிற இன்றைய சீரீ ஆ வடிவம் வந்ததோ 1929-30 பருவத்தில்தான். ஆக, 'ஜெனோவா 9 முறை சீரீ ஆ வென்ற அணி' என்று எழுதினால் அது தப்பு. 9 முறை இத்தாலிய சாம்பியன் என்பது சரி. சீரீ ஆ வடிவம் வந்த பிறகு ஜெனோவா ஒரு முறைகூட வென்றதில்லை. 7 பட்டங்கள் வாங்கிய புரோ வெர்செல்லிக்கும் இதே கதைதான்.

பெரிய அணிகளின் கணக்கிலும் இந்தப் பழைய பட்டங்கள் உட்கார்ந்திருக்கின்றன. இன்டர் 2023-24-ல் தன் 20-வது பட்டத்தை வென்றபோது, அதில் 1910, 1920 ஆண்டுகளின் பட்டங்களும் அடக்கம். மிலான் 2021-22-ல் 19-வது பட்டம் வென்றது. அதில் 1901, 1906, 1907 மூன்றும் பழைய காலத்தவை. பட்டங்களை எண்ணும்போது எல்லோரும் 1898-லிருந்து எண்ணுகிறார்கள், கோல்களை எண்ணும்போது 1929-லிருந்து எண்ணுகிறார்கள். ஒரே பத்தியில் இரண்டையும் எழுதுகிறவர்கள் இந்த மாற்றத்தை வாசகருக்குச் சொல்வதே இல்லை.

பழைய காலத்தில் வேறு வேடிக்கைகளும் உண்டு. 1921-22-ல் இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு உடைந்து இரண்டு தனித்தனிப் போட்டிகள் நடந்தன. ஒன்றில் நொவேசே சாம்பியன், மற்றதில் புரோ வெர்செல்லி. இரண்டு பட்டமும் இன்று ஏற்கப்பட்டவை. அதனால் 'ஒரு ஆண்டுக்கு ஒரு சாம்பியன்' என்று கணக்குப் போட்டுக் கூட்டினால் விடை இடிக்கும். போர் நடுவில் 1944-ல் நடந்த போட்டியை ஸ்பெட்சியாவின் தீயணைப்பு வீரர் அணி வென்றது, அதுவும் மாபெரும் டொரினோவை 2-1 என்று வீழ்த்தி. 2002-ல் கூட்டமைப்பு அதற்கு ஒரு கௌரவ அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் முழுப் பட்டமாக அது எண்ணப்படுவதில்லை. ஸ்பெட்சியாவை 'முன்னாள் இத்தாலிய சாம்பியன்' என்று எழுத ஆசைப்படுகிறவர்கள் 'கௌரவ' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

பறிக்கப்பட்ட பட்டங்கள்

எத்தனை பட்டம் என்று யுவென்டஸ் ரசிகரிடம் கேட்டால் 38 என்பார். அதிகாரபூர்வக் கணக்கு 36. நடுவர் நியமனத்தில் கிளப் நிர்வாகிகள் தலையிட்டதாக 2006-ல் வெடித்த கால்சியோபோலி ஊழல் விவகாரத்தில் 2004-05 பட்டம் பறிக்கப்பட்டு யாருக்கும் தரப்படவில்லை, 2005-06 பட்டம் இன்டருக்குப் போனது. கிளப் இன்றும் தன் கணக்கில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. எழுதுகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, 38 என்று போட்டால் 'கிளப்பின் கணக்குப்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். டொரினோவுக்கும் இப்படி ஒரு பழைய காயம் உண்டு. யுவென்டஸ் வீரர் ஒருவருக்குப் பணம் போனதாக எழுந்த குற்றச்சாட்டில் அதன் 1926-27 பட்டம் பறிக்கப்பட்டது. அதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதனால்தான் டொரினோவின் எண்ணிக்கை 7-ல் நிற்கிறது.

2 புள்ளியா, 3 புள்ளியா

வெற்றிக்கு 3 புள்ளி என்பது 1994-95-லிருந்துதான். அதற்கு முன் 2 புள்ளி. 2013-14-ல் யுவென்டஸ் எடுத்த 102 புள்ளிகளை 1947-48-ல் டொரினோ எடுத்த 65 புள்ளிகளோடு ஒப்பிட்டு 'எங்கேயோ போய்விட்டது யுவென்டஸ்' என்று எழுதுவது வீண் வேலை. டொரினோ அந்த ஆண்டு 29 வெற்றி, 7 டிரா. இன்றைய விதியில் அது 94 புள்ளி. ஆனால் இங்கேயும் அவசரப்படக் கூடாது. அந்தப் பருவத்தில் 21 அணிகள், 40 ஆட்டங்கள். யுவென்டஸ் ஆடியது 38. டொரினோவின் 125 கோல் என்ற சாதனையையும் இந்த 40 ஆட்டங்களை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் ஆட்டத்துக்கு மூன்று கோலுக்கு மேல் வருகிறது, அதன் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

புள்ளி முறை மாறினால் ஒரு பருவத்தின் தோற்றமே மாறும் என்பதற்கு 1978-79 பெருஜாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 30 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் சாம்பியன் ஆகவில்லை. 11 வெற்றி, 19 டிரா, மொத்தம் 41 புள்ளி. மூன்று ஆட்டங்களில் தோற்ற மிலான் 17 வெற்றிகளோடு 44 புள்ளி எடுத்துப் பட்டம் வென்றது. 2 புள்ளி முறையில் இடைவெளி 3. அதே முடிவுகளை 3 புள்ளி முறையில் போட்டால் பெருஜாவுக்கு 52, மிலானுக்கு 61. நெருக்கமாகத் தெரிந்த போட்டி சட்டென்று தூரமாகிவிடுகிறது.

பெருஜாவை மறப்பதால் வரும் இன்னொரு தப்பும் இருக்கிறது. 'சீரீ ஆ-வில் ஒரு பருவம் முழுக்கத் தோற்காத முதல் அணி 1991-92 மிலான்' என்று எழுதிவிடுகிறார்கள். தோற்காமல் பட்டம் வென்ற முதல் அணி என்பதுதான் சரி. அடுத்து யுவென்டஸ் 2011-12-ல் அதைச் செய்தது, 38 ஆட்டங்களில்.

ஆட்டங்களின் எண்ணிக்கை 30-லிருந்து 40 வரை மாறி மாறி வந்திருப்பதால், 'ஒரு பருவத்தில் குறைந்த கோல் வாங்கிய அணி' போன்ற பட்டியல்களிலும் கவனம் தேவை. 1969-70-ல் பட்டம் வென்ற காலியாரி வாங்கியது வெறும் 11 கோல், 30 ஆட்டங்களில். 1993-94 மிலான் 34 ஆட்டங்களில் 15. பக்கத்தில் ஆட்ட எண்ணிக்கை இல்லாவிட்டால் இவற்றை ஒப்பிடவே முடியாது.

36 கோல் யாருடையது?

2015-16-ல் நாப்போலியின் கோன்சாலோ ஹிகுவாயின் கடைசி ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்து 36-ஐத் தொட்டார். 1949-50-ல் மிலானின் குன்னர் நோர்டால் அடித்த 35 கோல் என்ற சீரீ ஆ சாதனை அத்தோடு போனது. 2019-20-ல் லாட்சியோவின் சிரோ இம்மோபிலே அதே 36-ஐ அடித்தார். அவர் செய்தது சமன், முறியடிப்பு இல்லை. இந்த வித்தியாசம் தலைப்புகளில் அடிக்கடி காணாமல் போகிறது. அப்புறம், 1929-க்கு முந்தைய கணக்கையும் சேர்த்தால் டொரினோவின் ஜீனோ ரொசெட்டி 1928-29-லேயே 36 அடித்துவிட்டார்.

இம்மோபிலேவின் 36-ல் 14 பெனால்டி, ஹிகுவாயினுடையதில் 3 மட்டும். சாதனைப் புத்தகத்துக்கு இது முக்கியமில்லை, பெனால்டியும் கோல்தான். யார் பெரிய ஆள் என்று வாதாட இறங்கினால் மட்டும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என்னைக் கேட்டால், இவர்கள் எல்லோரையும்விட 1958-59-ல் இன்டரின் அந்தோனியோ ஆஞ்செலில்லோ 33 ஆட்டங்களில் அடித்த 33 கோலுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் அது என் ரசனை, அதைச் சாதனை என்று எழுத முடியாது.

ஒரே ஆட்டத்தில் ஆறு கோல்

ஒரு சீரீ ஆ ஆட்டத்தில் அதிக கோல் என்ற சாதனையை இருவர் பகிர்ந்திருக்கிறார்கள். ஒருவர் பியோலா, 1933-ல் ஃபியோரென்டினாவுக்கு எதிராகப் புரோ வெர்செல்லிக்காக ஆறு. மற்றவர் யுவென்டஸின் ஓமர் சிவோரி, 1961 ஜூன் 10 அன்று இன்டருக்கு எதிராக ஆறு. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகள். இன்டரை 9-1 என்று அடித்ததைப் பார்த்தால் சிவோரியின் ஆறுதான் கூடுதல் கனம் என்று தோன்றும்.

நடந்தது வேறு. ஏப்ரலில் டூரினில் தொடங்கிய அந்த ஆட்டம், கூட்டம் மைதானத்துக்குள் வழிந்ததால் பாதியில் நின்றது. இன்டருக்கு 2-0 வெற்றி என்று முதலில் தீர்ப்பு வந்தது. யுவென்டஸ் மேல்முறையீடு செய்ய, தீர்ப்பு ரத்தாகி மறு ஆட்டம் என்று முடிவானது. அப்போது யுவென்டஸ் தலைவராக இருந்த உம்பெர்ட்டோ அக்னெல்லிதான் கூட்டமைப்புக்கும் தலைவர் என்பதால் இன்டர் தரப்பு கொதித்துப் போனது. இன்டர் தலைவர் ஆஞ்செலோ மொராட்டி எதிர்ப்பைக் காட்ட இளையோர் அணியைக் களத்தில் இறக்கினார். சிவோரியின் ஆறு கோலும் அந்தப் பையன்களுக்கு எதிராக வந்தவை. இன்டரின் ஒரே கோலைப் பெனால்டியில் அடித்தவர், அன்றுதான் அறிமுகமான சாண்ட்ரோ மட்சோலா. பின்னாளில் இன்டரின் பெரும்புள்ளி ஆனவர். சாதனை என்னவோ சாதனைதான், யாரும் அழிக்க முடியாது. ஆனால் இந்தப் பின்னணி இல்லாமல் அந்த ஸ்கோரை மட்டும் எழுதுவது வாசகரை ஏமாற்றுகிற வேலை.

லீக், நாடு, இரண்டாம் பிரிவு

அதிக சீரீ ஆ ஆட்டங்கள் ஆடியவர் கோல்கீப்பர் ஜியான்லூயிஜி புஃபோன், 657. 2020 ஜூலையில் பாவ்லோ மால்டினியின் 647-ஐத் தாண்டினார். மால்டினிக்கு 902 என்று ஒரு எண் உலாவும். அது மிலானுக்காக எல்லாப் போட்டிகளிலும் ஆடியது. புஃபோனின் 657-ல், கால்சியோபோலிக்குத் தண்டனையாக யுவென்டஸ் இரண்டாம் பிரிவில் ஆடிய 2006-07 பருவமும் சேராது, கடைசியில் பார்மாவுக்காக அதே பிரிவில் ஆடியவையும் சேராது. அலெஸாண்ட்ரோ டெல் பியெரோவின் லீக் கோல் 208 என்றும் 188 என்றும் இரண்டு விதமாக வருவதற்கும் அந்த 2006-07-தான் காரணம். இரண்டாம் பிரிவில் அடித்தது 20.

கோல் வாங்காமல் நின்ற நிமிடங்களிலும் இதே கலப்பு. புஃபோனின் 974 நிமிடம் சீரீ ஆ சாதனை. டூரின் நகர அணிகளான யுவென்டஸும் டொரினோவும் மோதிய ஆட்டத்தில் 2016 மார்ச்சில் டொரினோவின் பெலோட்டி அடித்த பெனால்டியோடு முடிந்தது. அதற்கு முன் மிலானின் செபாஸ்தியானோ ரொஸ்ஸி 929, அவருக்கு முன் டீனோ ட்ஸோஃப் 903. ட்ஸோஃபின் பெயரோடு வரும் 1142 நிமிடம் நாட்டு அணிக்காக. 1974 உலகக் கோப்பையில் ஹெய்ட்டியின் சானோன் முடித்துவைத்தார். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து 'புஃபோன் இன்னும் ட்ஸோஃபைத் தாண்டவில்லை' என்று சொல்வது அபத்தம்.

மிலானின் 58 ஆட்டத் தோல்வியின்மையும் லீகில் மட்டும்தான். 1990-91-ன் கடைசி ஆட்டம், 1991-92 முழுதும், அதற்கடுத்த பருவத்தில் 23 என்று மூன்று பருவங்களில் பரந்து கிடக்கிறது. 1993 மார்ச்சில் சொந்த மைதானமான சான் சீரோவில் பார்மாவின் அஸ்ப்ரில்யா அடித்த ஃப்ரீ கிக்கில் முடிந்தது. அந்த இடைவெளியிலேயே இத்தாலியக் கோப்பையில் மிலான் தோற்று வெளியேறியிருக்கிறது. 'இரண்டு ஆண்டு யாரிடமும் தோற்காத மிலான்' என்ற வரி அழகாக இருக்கும், உண்மை இல்லை.

கடைசியாகப் பெயர்கள். முதல் சீரீ ஆ பருவத்தை வென்றது அம்ப்ரோசியானா என்று இருந்தால் அது தனி அணி இல்லை, பாசிச ஆட்சிக் காலத்தில் பெயர் மாற்றப்பட்ட இன்டர். அந்தப் பருவத்தில் 31 கோல் அடித்த ஜுசெப்பே மியாட்சாவின் எண்ணும் இன்டர் கணக்கில்தான் போகும். சம்ப்தோரியா 1946-ல் இரு கிளப்புகள் இணைந்து பிறந்தது, அதற்கு முந்தைய அந்த இரு கிளப்புகளின் ஆட்டங்களை அதன் தலையில் ஏற்றக் கூடாது. திவாலாகி 2002-ல் ஃபியோரென்டினாவும் 2004-ல் நாப்போலியும் வேறு பெயரில் கீழ்ப் பிரிவிலிருந்து மறுபடி தொடங்கின. இவற்றின் பழைய பட்டங்கள் மட்டும் அப்படியே தொடர்கின்றன. அதனால் மரடோனா காலத்து இரண்டும், 2023, 2025 இரண்டும் சேர்ந்து நாப்போலிக்கு நான்கு.