மன அழுத்தத்தைத் தசைகளின் வழியே தணித்தல்: படிப்படியான தளர்வுப் பயிற்சி

வேலை நெருக்கடி கூடும்போதும், கடன் தவணை நாள் நெருங்கும்போதும், வீட்டில் ஒருவர் நோயுற்றுக் கிடக்கும்போதும், நம் தோள்கள் காதுகளை நோக்கி உயர்ந்திருப்பதையோ, மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதையோ நம்மில் பலர் கவனிப்பதில்லை. இரவில் கழுத்து வலியாகவோ பின்மண்டையில் தொடங்கும் தலைவலியாகவோ அது வெளிப்பட்ட பிறகுதான் உடல் பகல் முழுவதும் இறுகியே இருந்திருக்கிறது என்பது தெரியவருகிறது. இங்கே விளக்கப்படும் பயிற்சியின் முதல் நோக்கம் அந்த இறுக்கத்தை உடனுக்குடன் கண்டுகொள்ளக் கற்பதுதான். எங்கே இறுகியிருக்கிறோம் என்று அறியாதவரால் அதைத் தளர்த்த முடியாது.

ஆபத்து என்று மூளை ஒன்றைக் கருதியவுடன் உடலை அவசர நிலைக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்படுகிறது; அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பு உயர்கிறது, மூச்சு விரைகிறது, ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ தசைகள் ஆயத்தமாகின்றன. சற்றுப் பின்னர் கார்டிசால் என்னும் ஹார்மோனும் கூடுகிறது. துரத்தும் விலங்கிடமிருந்து தப்பிக்க இந்த ஏற்பாடு உதவும். மேலதிகாரியின் மின்னஞ்சலைப் படித்துவிட்டு நாற்காலியிலேயே அமர்ந்திருக்கும் ஒருவருக்கு ஓடுவதற்கும் இடமில்லை, எதிர்ப்பதற்கும் ஆளில்லை என்பதால், ஆயத்தமான தசைகள் அப்படியே நின்றுவிடுகின்றன.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் தசைகளில் எழும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து, கையை அசைப்பதாக மனத்தில் கற்பனை செய்தாலே அந்தக் கையின் தசையில் செயல்பாடு தோன்றுகிறது என்று காட்டியவர். எண்ணத்துக்கும் தசைக்கும் இவ்வளவு நெருக்கம் இருக்குமானால், தசையைத் தளர்த்துவதன் வழியே எண்ணத்தின் கொந்தளிப்பையும் தணிக்கலாம் என்பது அவருடைய கருத்து. 1920களில் அவர் உருவாக்கிய முறையைக் கற்று முடிக்க மாதக்கணக்கில் ஆகும். 1950களில் ஜோசப் வோல்ப் என்னும் மனநல மருத்துவர் அதைப் பெரிதும் சுருக்கி அச்சச் சிகிச்சையில் பயன்படுத்தினார். இன்று உளவியலாளர்கள் கற்பிப்பது பெரும்பாலும் இத்தகைய சுருக்க வடிவங்களையே.

முதல் இரண்டு வாரங்களுக்கு, நாளுக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் ஒதுக்க வேண்டும். சாப்பிட்டவுடன் செய்ய வேண்டாம். கட்டிலைவிடத் தரையில் விரித்த பாயோ, முதுகைத் தாங்கும் நாற்காலியோ நல்லது. கட்டிலில் படுத்தால் தூக்கம் முந்திக்கொள்ளும், கற்க வேண்டியதைக் கற்க முடியாமல் போகும். கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, இடுப்பில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்திக்கொண்டு, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். தொடங்கும் முன் உங்கள் பதற்றத்துக்குச் சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கொடுத்து, ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வலக் கையில் தொடங்குங்கள். விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்து, முன்கை வரை பரவும் இறுக்கத்தை ஐந்து முதல் ஏழு விநாடிகள் உணருங்கள். முழு வலுவையும் செலுத்தத் தேவையில்லை. பாதி வலுவே போதும். பிறகு மெல்ல மெல்ல விடாமல், ஒரே கணத்தில் பிடியை விட்டுவிடுங்கள். அடுத்த முப்பது, நாற்பது விநாடிகள்தான் இப்பயிற்சியின் உயிர்நாடி. விரல்கள் தாமாகவே சிறிது மடங்கிக் கிடப்பதையும், உள்ளங்கையில் இலேசான வெதுவெதுப்பு பரவுவதையும், சற்று முன் இருந்த இறுக்கத்துக்கும் இப்போதைய தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டையும் அவசரப்படாமல் கவனியுங்கள். இதை இன்னொரு முறை செய்துவிட்டு, முழங்கையைத் தரையில் அழுத்தி மேற்கையையும், அதன்பின் இதே வரிசையில் இடக் கையையும் தளர்த்துங்கள்.

கைகளுக்குப் பின் முகம். புருவங்களை உயர்த்தி நெற்றியைச் சுருக்கி, பிறகு தளர்த்துங்கள். கண்களை இறுக மூடி, பிறகு தளர்த்துங்கள். பற்களை மிதமாகக் கடித்து, பிறகு தளர்த்துங்கள். தாடைக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுப்பது நல்லது என்பேன். தாடை உண்மையில் தளர்ந்தால் உதடுகள் சேர்ந்திருந்தாலும் பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருக்கும். அந்த நிலையை நன்றாக நினைவில் பதித்துக்கொள்ளுங்கள், பகலில் பலமுறை உதவும். அடுத்துத் தலையைப் பின்புறமாக மென்மையாக அழுத்திக் கழுத்தையும், தோள்களைக் காது வரை உயர்த்தித் தோள்பட்டையையும், வயிற்றை இறுக்கி அடிவயிற்றையும், பிறகு தொடைகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். ஆடுதசைக்கு வரும்போது கால்விரல்களை முகத்தை நோக்கி மேலே இழுங்கள். கீழ்நோக்கி நீட்டினால் பலருக்குக் கால் பிடித்துக்கொள்ளும். முடிந்ததும் உடனே எழாமல், கைகால்களை அசைத்து, ஒரு பக்கமாகத் திரும்பி மெதுவாக எழுந்து, பதற்றத்தின் எண்ணை மீண்டும் எழுதுங்கள்.

தசையை இறுக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கழுத்திலோ முதுகிலோ காயமோ தேய்மானமோ இருந்தால் அந்தப் பகுதியை இறுக்காமல் தளர்த்துவதை மட்டும் செய்யலாம். தளர்ந்தே ஆக வேண்டும் என்று முயல்வதும் ஓர் இறுக்கம்தான். ஒரு நாள் எதுவும் நிகழவில்லை என்றால் அது அப்படியே இருக்கட்டும். வேறுபாட்டைக் கவனிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. சிலருக்கு, குறிப்பாகக் கொடிய அனுபவங்களைக் கடந்து வந்தவர்களுக்கு, கண்ணை மூடித் தளர்ந்தவுடன் அச்சம் மேலிடுவதுண்டு. அவர்கள் கண்களைத் திறந்தபடி, நாற்காலியில் அமர்ந்து, கைகளை மட்டும் ஓரிரு நிமிடங்கள் பயிற்றுவிப்பதே சரி. அப்போதும் அச்சம் தொடர்ந்தால் ஒரு சிகிச்சையாளரின் துணையோடு செய்ய வேண்டும்.

மூச்சுப் பயிற்சியை இதனுடன் சேர்க்கலாம். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, மூக்கு வழியே நான்கு எண்ணும் வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை வெளிவிடுங்கள். விநாடிக்கு ஓர் எண் என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சுகள் ஆகும். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. அதனால்தான் அதை நீட்டுகிறோம். நெஞ்சு நிறையப் பெருமூச்சாக இழுப்பது பலன் தராது. அளவுக்கு மேல் மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றலும் விரல்நுனி மரத்துப்போதலும் ஏற்படும், பதற்றம் உள்ளவர் அதைக் கண்டு மேலும் பதறுவார்.

பாயில் படுத்தால் மட்டுமே கிடைக்கும் தளர்வு வாழ்க்கைக்குப் போதாது. சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரன் எஸ்ட் 1980களில் வகுத்த முறை இந்த இடத்தில் மிகவும் பயன்படுகிறது. இரண்டு வாரங்கள் கடந்ததும் இறுக்குவதை விட்டுவிட்டு, தலை முதல் கால் வரை மனத்தால் தொட்டுத் தளர்த்த மட்டும் பழக வேண்டும். அதன்பின் ஒவ்வொரு வெளிமூச்சோடும் 'தளர்க' என்று மனத்துக்குள் சொல்லி, அந்தச் சொல்லையும் தளர்வையும் பிணைக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து எழுதும்போதும், நிற்கும்போதும், நடக்கும்போதும், அந்த வேலைக்குத் தேவையில்லாத தசைகளை மட்டும் தளர்த்திப் பழக வேண்டும். இருசக்கர வண்டியில் சிக்னலில் நிற்பவர் கைப்பிடியை நெரித்துப் பிடிக்க வேண்டியதில்லை, தாடையை இறுக்க வேண்டியதும் இல்லை. கைக்கடிகாரத்திலோ கைபேசியிலோ வண்ண ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, அது கண்ணில் படும்போதெல்லாம் ஒன்றிரண்டு மூச்சுகளில் தளர்ந்துகொள்வதை நாளுக்குப் பதினைந்து, இருபது முறை செய்தால், சில வாரங்களில் அரை நிமிடத்துக்குள் தளரும் திறன் கைவரும். அமைதியான நேரங்களில் இதைப் பழகியவருக்கே நெருக்கடி நேரத்தில் இது உதவும்.

ஏற்கெனவே சவாசனமோ யோக நித்திரையோ பழகியவர்கள் அதையே தொடரலாம். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வார மனக்கவனப் பயிற்சியும் உடலின் ஒவ்வொரு பகுதியையும் கவனிப்பதைப் பெரிதும் சார்ந்தது. நறுமண எண்ணெயும் மசாஜும் இதமாக இருந்தால் தவறில்லை. ஆனால், அவை நாமே செய்யும் பயிற்சிக்கு ஈடாகா.

கவலை எண்ணங்களே ஓயாமல் சுழல்கின்றன என்றால், மாலையில் இருபது நிமிடங்களை அதற்கென ஒதுக்கி, அவற்றை எழுதி, நம்மால் ஏதேனும் செய்யக்கூடியவை எவை என்று பிரித்து, அவற்றுக்கு அடுத்த ஒரே ஒரு செயலைக் குறியுங்கள். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் வளர்த்தெடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இத்தகைய எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கச் சிகிச்சையாளரின் துணையோடு பயிற்றுவிக்கிறது. கந்துவட்டிக் கடனையும், ஓய்வில்லாப் பணிநேரத்தையும், வீட்டில் நடக்கும் வன்முறையையும் எந்தத் தளர்வுப் பயிற்சியும் தீர்க்காது. அவற்றுக்குச் சட்ட உதவியும் மனிதர்களின் துணையும் வேண்டும். அங்கே பாதிக்கப்பட்டவரிடம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லி நிறுத்திக்கொள்வது அநீதி.

படபடப்புடன் எடை குறைந்தாலோ கை நடுங்கினாலோ தைராய்டையும், தொடர்ந்த சோர்வு இருந்தால் இரத்தசோகையையும் முதலில் பரிசோதியுங்கள். நெஞ்சுவலியை மன அழுத்தம் என்று நீங்களே முடிவுசெய்யாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தூக்கமின்மையோ, பசியின்மையோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் காத்திருக்க வேண்டாம்: இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த நேரத்தில் பதற்றம் உயர்கிறது, பயிற்சிக்குப் பின் எவ்வளவு தணிகிறது என்பதை அவர் அதிலிருந்தே அறிந்துகொள்வார்.