அணுகுண்டுச் சோதனை வீரர்களின் இழப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1952 முதல் 1958 வரை ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் பிரிட்டன் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தபோது, அங்கே பணியில் இருந்த அந்நாட்டுப் படையினர் ஏறத்தாழ இருபதாயிரம் பேர். பசிபிக்கில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் இருந்தவர்களில் பலர், வெடிப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மூடிய கண்களின் மேல் கைகளை அழுத்தியிருந்தும் தங்கள் விரல் எலும்புகள் தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் நோய்களுக்கு அந்தச் சோதனைகளின் கதிர்வீச்சே காரணம் என்று வழக்குத் தொடுத்த அவர்களுக்கு நீதிமன்றத்தில் இழப்பீடு கிடைக்காமல் போன காரணத்தைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். அந்தத் தவறுகளால் குடும்பங்கள் ஆண்டுகளை இழக்கின்றன.

படைவீரர் அரசின் மீது வழக்கே போட முடியாது என்பது அவற்றுள் ஒன்று. 1947ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 10ஆம் பிரிவு அத்தகைய பாதுகாப்பை அரசுக்கு அளித்தது உண்மை. ஆனால் கிறிஸ்துமஸ் தீவில் பணியாற்றிய ஒருவரின் வழக்கை அந்தப் பிரிவு தடுக்காது என்று 1988இல், அப்போது பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்துவிட்டது.

உண்மையான தடை காலவரையறைதான். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி, தம் நோய் கடுமையானது, அது இன்ன காரணத்தால் வந்தது என்று ஒருவர் அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். 'அறிவது' என்றால் அறிவியல் சான்று கைக்கு வருவது என்று எண்ணுவதே மிகப் பெரிய தவறு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கில், நியூசிலாந்து வீரர்களின் குரோமோசோம்களில் மாற்றங்களைக் கண்ட 2007ஆம் ஆண்டின் ஆய்வு வந்த பிறகே தமக்கு அந்த அறிவு கிடைத்தது என்று வாதிடப்பட்டது. 2012 மார்ச் 14 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதை ஏற்க மறுத்து, மாதிரியாக எடுத்த பத்து வழக்குகளில் ஒன்பதைக் காலம் கடந்தவை என்று நிறுத்திவிட்டது. நியாயமான அடிப்படையோடு ஒருவர் நம்பத் தொடங்கிய நாளே கணக்கு. வழக்கே தொடுத்துவிட்டவர், காரணம் இன்னும் தெரியாது என்று சொல்ல இடமில்லை. காலதாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருந்தும், காரணத் தொடர்பை நிறுவும் சான்று போதாது என்பதால் அதுவும் பயன்படவில்லை. சான்றுக்குக் காத்திருந்தால் கெடு போகிறது, காத்திராமல் வந்தால் வழக்கே நிற்பதில்லை; பதிவேடுகள் எதிர்த்தரப்பான அரசிடமே இருக்கும்போது இது கொடுமையான நிலை என்றே நான் கருதுகிறேன். ஆகவே நோய் உறுதியான தேதியையும், சோதனைதான் காரணம் என்று முதலில் ஐயப்பட்ட தேதியையும் மறைக்காமல் வழக்குரைஞரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய பழைய கடிதம்கூடப் பின்னாளில் சான்றாகலாம்.

இந்தத் தீர்ப்போடு எல்லாம் முடிந்தது என்று, படைப்பணியால் நோயுற்றவர்களுக்கு அரசு தரும் போர் ஓய்வூதியத்தையும் (War Pension) கைவிடுவது அடுத்த தவறு. அது வேறு வழி, வேறு விதி. பணியிலிருந்து விலகிய ஏழு ஆண்டுகளுக்குள் கோரியிருந்தால் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது. அதற்குப் பின் கோருபவர், நம்பத்தக்க சான்றைக் கொண்டு நியாயமான ஐயத்தை எழுப்பினால் போதும். அந்த ஐயத்தின் பலன் அவருக்கே.

உடலில் படும் கதிர்வீச்சை அளக்க உடையில் அணியும் ஃபிலிம் பேட்ஜில் அளவு பதிவாகவில்லை என்பதால் கதிர்வீச்சே படவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் கூடாது. பலருக்கு அது தரப்படவே இல்லை. தரப்பட்டிருந்தாலும், மூச்சிலும் உணவிலும் உள்ளே போன துகள்களை அது காட்டாது.

சோதனைகளில் பணியாற்றியவர்களுக்கு 2022இல் பிரிட்டன் அறிவித்த பதக்கம் இழப்பீடு ஆகாது. 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பும் சோதனைகள் தீங்கற்றவை என்று சொல்லவில்லை. பிரிட்டிஷ் நீதிமன்றம் ஒன்றே வாசல் என்பதும் சரியில்லை: அதே சோதனைகளில் பங்கேற்ற தன் வீரர்களுக்கு, பிரிட்டனுக்காக இனியும் காத்திருக்க முடியாது என்று ஃபிஜி அரசு 2015இல் ஆளுக்கு 9,855 ஃபிஜி டாலரைத் தன் கருவூலத்திலிருந்தே கொடுத்தது.