தர்மபுரி, கிருஷ்ணகிரியில் தொழில் மானியம்: எதை எடுப்பது, எந்த வரிசையில் போவது

மெஷினை இறக்கி, போல்ட் அடித்து, ஓட்டிப் பார்த்த பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்கு (டிஐசி) போய் "பிஎம்இஜிபி கிடைக்குமா?" என்று கேட்டால் கிடைக்காது. பிஎம்இஜிபி என்பது வங்கிக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம். அது புதிய தொழிலுக்கு மட்டுமானது; கடன் ஒப்புதலுக்கு முன்பே ஓடும் தொழில் அதன் கணக்கில் பழைய தொழில். மாநில அரசின் முதலீட்டு மானியம் இதற்கு நேர் எதிர். உற்பத்தி தொடங்கிய பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும், அதுவும் ஓராண்டுக்குள். ஆகவே குவொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே எந்த மானியம் என்று முடிவாகியிருக்க வேண்டும்.

முதலில் கணக்கு. பிஎம்இஜிபியில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு மானியம் உண்டு. பொதுப்பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவீதம், ஊரகத்தில் 25. சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. பெண்கள், எஸ்சி, எஸ்டி, சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள், மத்திய ஓபிசி பட்டியலில் உள்ளவர்கள் எல்லாரும் சிறப்புப் பிரிவு. நம் இரண்டு மாவட்டங்களிலும் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுவார்கள்; தெரியாமல் பொதுப்பிரிவில் போட்டுவிடாதீர்கள். சொந்தப் பணம் பொதுப்பிரிவுக்கு 10 சதவீதம், மற்றவர்களுக்கு 5.

மாநில முதலீட்டு மானியம் இயந்திரங்களின் மதிப்பில் மட்டும் 25 சதவீதம், உச்சவரம்பு 1.5 கோடி. குறு உற்பத்தி நிறுவனம் மாநிலத்தில் எங்கிருந்தாலும் தகுதி உண்டு. சிறு, நடுத்தர நிறுவனமாக இருந்தால் உங்கள் ஊராட்சி ஒன்றியம் தொழில்துறையில் பின்தங்கியவை பட்டியலில் இருக்கிறதா என்று டிஐசியில் கேட்டுக்கொண்டு இடம் பாருங்கள்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எது லாபம்? சிறப்புப் பிரிவினர் ஊரகத்தில் தொடங்கினால் பிஎம்இஜிபியில் அதிகபட்சம் 17.5 லட்சம். அதே தொகை மாநில மானியத்தில் வர வேண்டுமென்றால் இயந்திரம் மட்டுமே 70 லட்சத்துக்கு இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிஎம்இஜிபி. மேலே என்றால் மாநிலம். ஓசூர் மாநகராட்சிக்குள் தொடங்கும் பொதுப்பிரிவு ஆணுக்கோ பிஎம்இஜிபி அதிகபட்சம் 7.5 லட்சம்தான். அவருக்கு 30 லட்சத்தைத் தாண்டினாலே மாநில மானியம் மேல்.

முதல் தலைமுறைத் தொழில்முனைவோர், +2 தேர்ச்சி என்றால் மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தையும் கணக்கில் வையுங்கள். 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டம்; மொத்தத் திட்ட மதிப்பில் 25 சதவீதம், 75 லட்சம் வரை; அதோடு 3 சதவீத வட்டி மானியம். வயது பொதுப்பிரிவு ஆண்களுக்கு 45 வரை, மற்றவர்களுக்கு 55 வரை. எஸ்சி, எஸ்டி பிரிவினர் வேறு எதையும் பார்க்கும் முன் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பார்க்க வேண்டும்: 35 சதவீதம், 1.5 கோடி வரை, 6 சதவீத வட்டி மானியம். இவ்வளவு தாராளமான திட்டம் வேறு இல்லை.

ஊரகமா நகரமா என்பதை மக்கள்தொகையை வைத்துப் பார்த்த காலம் போய்விட்டது. இடம் ஊராட்சியின் கீழ் இருந்தால் ஊரகம், நகராட்சியின் கீழ் என்றால் நகரம். 40 லட்சத் திட்டத்துக்கு இந்த எல்லை ஒன்றே 4 லட்சம் வித்தியாசம். ஷெட் வாடகைக்கு எடுக்கும் முன் சொத்துவரி ரசீதைக் கேட்டுப் பாருங்கள். யார் வரி வாங்குகிறார்களோ அவர்கள் எல்லைதான். மும்முனை மின்சாரம் வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும் இடம் என்றால் மட்டும் அந்த 4 லட்சத்தை மறந்துவிடலாம்.

திட்ட அறிக்கையில் நிலத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது. ஷெட், இயந்திரம், ஒரு சுற்று நடைமுறை மூலதனம் (சரக்கு வாங்கி, விற்று, பணம் திரும்பி வரும் வரை ஓட்டத் தேவையான பணம்) ஆகியவற்றைச் சேர்க்கலாம். இந்த நடைமுறை மூலதனத்தில்தான் நம் ஊர்த் தொழில்கள் மாட்டிக்கொள்கின்றன. மூன்றாண்டுக்குள் ஒரு முறையாவது சிசி (நடைமுறை மூலதனத்துக்கு வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடன்) வரம்பை முழுதாகத் தொட்டிருக்க வேண்டும்; சராசரியாக 75 சதவீதமாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது பிஎம்இஜிபி விதி. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் போடுபவருக்கு சீசன் சில மாதம்தான். அந்த நேரம் வரம்பு முட்டும். மிச்ச மாதங்களில் கணக்கு சும்மா கிடக்கும், சராசரி சரிந்துவிடும். புளி உடைத்து பேக் செய்பவருக்கும் இதே கதி. மானியம் கூடட்டும் என்று நடைமுறை மூலதனத்தை ஊதிக் காட்டாமல், சீசன் இல்லாத மாதத்திலும் உங்களுக்குத் தேவைப்படும் தொகையை ஒட்டியே வரம்பைக் கேளுங்கள். சீசனுக்குக் கூடுதலாக வேண்டியதைத் தனிக் கடனாக வாங்கிக்கொள்ளலாம்.

இனி பிஎம்இஜிபிக்கு விண்ணப்பிக்கும் வரிசை. ஆதார், பான், சாதிச் சான்று, கல்விச் சான்று, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். உற்பத்தித் திட்டம் 10 லட்சத்தையோ சேவைத் திட்டம் 5 லட்சத்தையோ தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்து, பழைய பைக் கடன், நகைக்கடன் ஏதாவது முடிக்காமல் நிற்கிறதா என்று பார்த்துத் தீர்த்துவிடுங்கள். இணையத்தில் விண்ணப்பித்தால் டிஐசி ஆய்வு செய்து வங்கிக்கு அனுப்பும். டிஐசி அனுப்பிவிட்டால் கடன் கிடைத்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், முடிவெடுப்பது வங்கிதான். எனவே விண்ணப்பிக்கும் முன்பே கிளை மேலாளரிடம் திட்ட அறிக்கையைக் காட்டிப் பேசிவிடுங்கள். 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது.

மாங்காய்க்காரர்கள் தை பிறந்த பிறகு விண்ணப்பித்தால் அந்த ஆண்டு சீசன் போனது போலத்தான். ஐப்பசியிலேயே தொடங்குங்கள்.

இயந்திரம் புதிதாக இருக்க வேண்டும். பில் நிறுவனத்தின் பெயரில், ஜிஎஸ்டி எண், மாடல், வரிசை எண்ணோடு இருக்க வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்த அட்வான்ஸ் எந்தக் கணக்கிலும் வராது. ஓசூரில் ஜாப் ஒர்க் (பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு உதிரிபாகம் செய்து தருவது) செய்பவர்கள் பெங்களூரு பீனியாவில் பழைய சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் போன்ற இயந்திரம்) வாங்குவது வழக்கம். அதற்கு மானியம் கிடையாது. ஆனாலும் புதிது 24 லட்சம், நல்ல நிலையில் உள்ள பழையது 12 லட்சம் என்றால், மானியம் போக புதியதன் அடக்கம் 18 லட்சம். மானியம் கிடைக்கிறது என்பதற்காக 6 லட்சம் கூடுதலாகப் போடத் தேவையில்லை.

மாநில மானியத்துக்குப் போகிறவர்கள் தேதிகளில் கவனம் வையுங்கள். உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவில் போட்ட தொடக்கத் தேதி, முதல் விற்பனை பில், மின் இணைப்புத் தேதி மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும். உத்யமில் சேவை என்று பதிந்துவிட்டு உற்பத்தி மானியம் கேட்டாலும் திரும்பி வரும். எல்.டி. (தாழ்வழுத்த மின்) இணைப்பு உள்ளவர்களுக்கு 36 மாதம் மின்கட்டணத்தில் 20 சதவீத மானியமும் உண்டு. இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். வாடகை ஷெட்டில் மின் இணைப்பு கடைக்கான வணிகக் கட்டணத்தில் இருந்தால் முதலில் தொழிற்சாலைக் கட்டணத்துக்கு மாற்றுங்கள்.

பிஎம்இஜிபி மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் மூன்றாண்டு வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. 47.5 லட்சம் கடனில் 17.5 லட்சம் மானியம் என்றால் வட்டி 30 லட்சத்துக்குத்தான். ஸ்டேட்மென்டில் முழுத் தொகைக்கும் வட்டி ஏறியிருந்தால் எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

வருமான வரியில், இயந்திரத்துக்கு வந்த மானியத்தை அதன் விலையிலிருந்து கழித்துவிட்டுத்தான் தேய்மானம் போட வேண்டும். 40 லட்ச இயந்திரத்துக்கு 10 லட்சம் வந்தால் தேய்மானம் 30 லட்சத்துக்கு. உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்ட ஜிஎஸ்டிக்கும் தேய்மானம் கிடையாது.

பிஎம்இஜிபி விதிகள் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்டவை. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள சுற்றறிக்கையை டிஐசியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மானியம் கணக்கில் சேரும் முன் நேரடி ஆய்வுக்கு ஆள் வருவார். பெயர்ப்பலகையையும் இயந்திரத்தின் வரிசை எண்ணையும் பார்ப்பார். இயந்திரத்தை வேறு ஷெட்டுக்கு மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே வங்கிக்கும் டிஐசிக்கும் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருங்கள்.