வீட்டு பட்ஜெட் மூணாவது மாசமே ஏன் படுத்துடுது, படுக்காம இருக்க என்ன பண்ணலாம்

நாங்க வீட்டுல பட்ஜெட் போட ஆரம்பிச்சு கைவிட்டது மொத்தம் 4 தடவ. நாலு தடவையும் ஒரே கதைதான். புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்துல ஸ்கேல் வெச்சு கோடு போட்டு, மளிகைக்கு இவ்ளோ கரண்டுக்கு இவ்ளோன்னு எழுதி, ரெண்டு மாசம் ஒழுங்கா ஓடும், மூணாவது மாசம் வண்டி இன்சூரன்ஸோ ஸ்கூல் ஃபீஸோ ஏதாவது ஒன்னு வாசல்ல வந்து நிக்கும், பட்ஜெட்ல துண்டு விழும், "சரி இந்த மாசம் விடு, அடுத்த மாசத்துலேர்ந்து பாத்துக்கலாம்"னு நோட்டு பீரோவுக்குள்ள போயிடும். அஞ்சாவது தடவதான் நின்னுச்சு. அதுக்கு நாங்க திடீர்னு சிக்கனமா மாறிட்டோம்னு அர்த்தம் இல்ல. எங்க பட்ஜெட்ட உடைக்கிறது தினசரி சில்லற செலவு இல்ல, வருஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு தடவ வர்ற செலவுதான்னு லேட்டா புரிஞ்சுது, அவ்ளோதான். அத பத்தி கீழ விரிவா சொல்றேன். அதுக்கு முன்னாடி கணக்கு எழுதற வேலை.

முதல் மாசம் பட்ஜெட்டே போடாதீங்க. சும்மா எழுதுங்க. எதையும் குறைக்காதீங்க, வழக்கமா எப்படி செலவு பண்றீங்களோ அப்படியே பண்ணுங்க. எழுதற மாசத்துலயே குறைக்க ஆரம்பிச்சா ஒரு பொய்யான மாசம்தான் கிடைக்கும், அத வெச்சு போடற பட்ஜெட் நிக்கவே நிக்காது. 3 மாசம் எழுத முடிஞ்சா ரொம்ப நல்லது. பொறுமை இல்லன்னா பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து போன ரெண்டு மாசத்த பின்னாடி போய் நிரப்பிக்கலாம்.

எதுல எழுதறதுங்கறது பெரிய விஷயமே இல்ல. நோட்டு, எக்செல், ஆப், எது கைக்கு வருதோ அது. எங்க வீட்டுல வேலை செஞ்சது வாட்ஸ்அப் குரூப்தான். ரெண்டே பேர் இருக்கற ஒரு குரூப், செலவு பண்ண அந்த நிமிஷமே "450 மருந்து"ன்னு ஒரு மெசேஜ், அவ்ளோதான். ராத்திரி யாராவது ஒருத்தர் அத ஷீட்ல ஏத்திடுவோம். தேதி, தொகை, தலைப்பு, மூணு காலம் போதும். தலைப்பு வாரியா கூட்டறதுக்கு எக்செல்ல சம்இஃப் (SUMIF)னு இருக்கற ஃபார்முலா போட்டா தானா வந்துடும், இல்ல பிவட் டேபிள் தெரிஞ்சா அது இன்னும் ஈஸி. எஸ்எம்எஸ் படிச்சு தானா கணக்கு போடற ஆப்பும் இருக்கு, ஆனா உங்க மெசேஜ் எல்லாத்தையும் படிக்க அதுக்கு பர்மிஷன் குடுக்கணும், அது உங்களுக்கு ஓகேவான்னு யோசிச்சுக்கோங்க. எனக்கு ஓகே இல்ல. அதுவும் போக, தானா ஏறற கணக்க யாரும் பாக்கறது இல்ல, கையால டைப் பண்ணும்போதுதான் "இந்த வாரம் இது மூணாவது தடவையாச்சே"ன்னு உறைக்கும்.

ஒன்னு மட்டும் கண்டிப்பா சொல்லுவேன், யார் செலவு பண்ணதுன்னு நாலாவதா ஒரு காலம் போடாதீங்க. நாங்க போட்டோம். பத்தே நாள்ல அது கணக்கு நோட்டா இல்லாம குற்றப்பத்திரிகையா மாறிடுச்சு, அப்புறம் ரெண்டு பேருமே எழுதறத நிறுத்திட்டோம்.

தலைப்பு 8லேர்ந்து 10க்குள்ள வெச்சுக்கோங்க. வாடகை அல்லது லோன், மளிகை, கரண்ட்-தண்ணி-நெட், போக்குவரத்து, மருத்துவம், படிப்பு, வெளிய சாப்பாடு, துணிமணி, இந்த மாதிரி. ஒரே பில்லுல மளிகையும் சோப்பும் நோட்டும் பென்சிலும் கலந்து வந்தா பிரிச்சு எழுத உக்காராதீங்க, எது ஜாஸ்தியோ அந்த தலைப்புல மொத்தமா போட்டுட்டு போங்க. இன்னொரு தலைப்பும் வேணும், "தெரியல". பர்ஸ்ல இருந்த காசு எங்க போச்சுன்னே ஞாபகம் வரலன்னா 10 நிமிஷம் யோசிங்க, வரலன்னா அதுல போட்டுட்டு தூங்குங்க. கணக்கு இடிக்குதுன்னு நடு ராத்திரி வரைக்கும் தேடினா மறுநாள் எழுதவே வெறுப்பா இருக்கும்.

கணக்கு எழுதும்போது நெறைய பேர் சறுக்கற இடம் இது. ஏடிஎம்ல பணம் எடுத்தது செலவு இல்ல, அது பேங்க்லேர்ந்து பர்ஸுக்கு வந்திருக்கு, அவ்ளோதான். அத வெச்சு என்ன வாங்கினீங்களோ அதுதான் செலவு. கிரெடிட் கார்டும் அப்படித்தான், பொருள் வாங்கின அன்னைக்கே எழுதிட்டீங்கன்னா அடுத்த மாசம் கார்டு பில்லு கட்டும்போது மறுபடி எழுதக்கூடாது, எழுதினா ஒரே செலவு ரெண்டு தடவ ஏறும். வட்டி, லேட் ஃபீஸ் மட்டும் புதுசா எழுதணும். ஒரு அக்கவுண்ட்லேர்ந்து இன்னொரு அக்கவுண்டுக்கு மாத்தினதும் செலவு இல்ல. ஆபீஸ் செலவுக்கு நீங்க கைகாசு போட்டு அப்புறம் திரும்ப வாங்கிக்கறத தனியா வைங்க, இல்லன்னா போக்குவரத்துக்கு இவ்ளோவான்னு மாசா மாசம் பயந்துட்டு இருப்பீங்க. யாருக்காவது கைமாத்து குடுத்திருந்தா அத மட்டும் நான் செலவாவே எழுதிடுவேன், திரும்பி வந்தா வரவு. அனுபவம் அப்படி.

இப்போ அந்த வருஷாந்திர செலவு. பட்ஜெட்டுக்குன்னு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும்னா இந்த வேலைய மட்டும் பண்ணுங்க, மத்தது எல்லாம் அப்புறம். போன 12 மாசத்து பேங்க் ஸ்டேட்மென்ட், கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு உக்காந்து, மாசா மாசம் வராத செலவ மட்டும் பொறுக்கி எழுதுங்க. இன்சூரன்ஸ் பிரீமியம், ஸ்கூல் காலேஜ் ஃபீஸ், வண்டி சர்வீஸ், டயர், சொத்து வரி, பண்டிகை துணிமணி, கல்யாணம் காட்சிக்கு வெக்கற மொய், ஊருக்கு போற டிக்கெட், ஃப்ரிட்ஜோ மோட்டாரோ ரிப்பேர், கண்ணாடி மாத்தறது, பல் டாக்டர், வருஷ சப்ஸ்கிரிப்ஷன். எழுதி முடிச்சு கூட்டி பாத்தா தலை சுத்தும், எங்களுக்கு அது ஒன்றரை மாச சம்பளத்த தாண்டி நின்னுச்சு. இவ்ளோ நாளா இத "எதிர்பாராத செலவு"ன்னு சொல்லிட்டு இருந்தோம். இன்சூரன்ஸ் தேதி பாலிசிலயே அச்சடிச்சு இருக்கு, அதுல என்ன எதிர்பாராதது!

கூட்டினத 12ஆல வகுத்து, சம்பளம் வந்த அன்னைக்கே தனி அக்கவுண்டுக்கு மாத்திடுங்க. மொத்தம் 60,000ன்னா மாசம் 5,000. தானா மாறற மாதிரி பேங்க்ல ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுடுங்க, கைல விட்டா மாறாது. அந்த அக்கவுண்டோட கார்ட பர்ஸ்ல வெக்காதீங்க. முதல் வருஷம் மட்டும் இதுல ஒரு சிக்கல் வரும், எல்லாரும் அங்கதான் விட்டுடறாங்க. 12,000 பிரீமியம் இன்னும் 4 மாசத்துல கட்டணும்னா 12ஆல வகுத்து பிரயோஜனம் இல்ல, 4ஆல வகுக்கணும், மாசம் 3,000 எடுத்து வெக்கணும். கட்டி முடிச்ச அடுத்த மாசத்துலேர்ந்து அது 1,000 ஆயிடும். அதனால முதல் வருஷம் இறுக்கமாத்தான் இருக்கும், அப்புறம் லேசாகும். முடியலன்னா லிஸ்ட்ல பெருசா இருக்கற ரெண்ட மட்டும் முதல்ல எடுத்துக்கோங்க.

இத மருத்துவ அவசரம், வேலை போறது மாதிரி நிஜமான அவசரத்துக்கு வெக்கற பணத்தோட கலக்காதீங்க. அது வேற அக்கவுண்ட், வேற கணக்கு.

அடுத்தது மாச பட்ஜெட். பாதி தேவைக்கு, 30 சதவீதம் ஆசைக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கும் கடன் அடைக்கவும்னு ஒரு பங்கு முறை எல்லா இடத்துலயும் சுத்திட்டு இருக்கும், பாத்திருப்பீங்க. அமெரிக்காவுல அப்போ சட்டப் பேராசிரியரா இருந்த எலிசபெத் வாரனும் அவங்க பொண்ணும் 2005ல பிரபலப்படுத்தினது அது, வரி போக கைக்கு வர்ற பணத்துல போடற கணக்கு. கேக்க நல்லா இருக்கும், ஆனா எல்லார் வீட்டுக்கும் பொருந்தாது. வருமானம் குறைய குறைய அதுல சாப்பாட்டுக்கே போற பங்கு ஜாஸ்தியாகும்னு எர்ன்ஸ்ட் எங்கல்னு ஒரு ஜெர்மன் புள்ளியியல்காரர் 1857லயே கணக்கு போட்டு காட்டிட்டார். தேவைக்கே 75 போற வீட்டுல போய் 50ல நிறுத்துன்னா எப்படி நிறுத்துவாங்க. அதனால ஊரார் சதவீதத்த எடுக்காம உங்க மூணு மாச சராசரிய எடுத்து அதையே முதல் பட்ஜெட்டா போடுங்க. அப்புறம் ரெண்டே ரெண்டு தலைப்புல மட்டும் 10 சதவீதம் குறைச்சு பாருங்க. எல்லா தலைப்புலயும் ஒரே மாசத்துல கை வெச்சா வீட்டுல யாருக்குமே உங்கள பிடிக்காது.

மளிகை, வெளிய சாப்பாடு, போக்குவரத்து, இந்த மூணையும் வார கணக்கா மாத்திடுங்க, மாச கணக்குன்னா 20ஆம் தேதி வரைக்கும் எல்லாமே நல்லாத்தான் இருக்கற மாதிரி தெரியும். மாத்தும்போது 4ஆல வகுக்காதீங்க. மாசத்துல 4 வாரம் இல்ல, வருஷத்துக்கு 52 வாரம், அதாவது மாசத்துக்கு சுமார் 4.33. மளிகைக்கு மாசம் 13,000ன்னா 4ஆல வகுத்தா வாரம் 3,250 வரும், ஆனா 12ஆல பெருக்கி 52ஆல வகுத்தா சரியா 3,000தான். அந்த 250தான் மாச கடைசி ரெண்டு மூணு நாள்ல கைய கடிக்கறது. நான் இத வருஷக்கணக்கா கவனிக்கவே இல்ல.

கவர் முறை பழசு, ஆனா இன்னும் வேலை செய்யுது. தலைப்புக்கு ஒரு கவர், வாரத்துக்கு உண்டான பணம் அதுல, காலியானா அந்த வாரம் முடிஞ்சுது. எல்லாம் ஒரே பணம்தானேன்னு தோணும், ஆனா மனசு அப்படி பாக்கறது இல்ல, பணத்துக்கு மனசுக்குள்ளயே பெட்டி பெட்டியா பேர் வெச்சுடறோம். இத ஆராய்ச்சி பண்ண ரிச்சர்ட் தேலருக்கு 2017ல பொருளாதார நோபல் பரிசு கிடைச்சுது. கார்டு விஷயமும் இதே மாதிரிதான். அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல பிரெலெக், சிமெஸ்டர்னு ரெண்டு பேர் நடத்தி 2001ல வெளியிட்ட சோதனை ஒன்னு இருக்கு, மேட்ச் டிக்கெட்ட ஏலம் விட்டப்போ, கார்டுல கட்டணும்னு சொன்னவங்க கேட்ட விலை ரொக்கம்னு சொன்னவங்க கேட்டத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. எந்த தலைப்புல அடிக்கடி கை மீறுதோ அத மட்டும் ரொக்கத்துக்கு மாத்தி பாருங்க. ரொக்கமே புழங்காத இடமா இருந்தா அதுக்குன்னு போன்ல தனி வாலட் ஆப் ஒன்னு வெச்சு வாரா வாரம் அளவா போட்டு வைங்க, கிட்டத்தட்ட அதே பலன்.

வீட்டுல இத பேசறதுதான் கணக்க விட கஷ்டம். வாரத்துக்கு ஒரு நாள், 20 நிமிஷம், ரெண்டு பேரும் ஷீட்ட திறந்து வெச்சு உக்காருங்க. வேலை முடிஞ்சு களைச்சு வந்த நேரத்துல வேண்டாம், சாப்பிடும்போது வேண்டவே வேண்டாம். பேச்சு அடுத்த வாரத்த பத்தி இருக்கட்டும், "ஏன் வாங்கின"ங்கற கேள்விக்கு பதிலா "இதுல இன்னும் இவ்ளோதான் இருக்கு, எப்படி ஓட்டலாம்"னு கேட்டு பாருங்க, அதே விஷயம்தான் ஆனா சண்டை வராது. ஆளுக்கு ஒரு சின்ன தொகை கணக்கு கேக்காத பணமா ஒதுக்கிடுங்க. சம்பாதிக்கறவங்களுக்கும் அது உண்டு, வீட்ட பாத்துக்கறவங்களுக்கும் அதே அளவு உண்டு. இத வீண்னு நெனச்சு வெட்டிடாதீங்க, இது இல்லாத பட்ஜெட்ல திருட்டு செலவு ஆரம்பிக்கும். பசங்க விவரம் தெரிஞ்ச வயசா இருந்தா கரண்ட் பில்லையாவது காட்டுங்க.

வருமானம் ஒரே மாதிரி வராதவங்க போன 12 மாசத்துல எது ரொம்ப கம்மியோ அந்த மாசத்த வெச்சு பட்ஜெட் போடுங்க. ஜாஸ்தி வர்ற மாசத்துல மீதி இருக்கறத அப்படியே ஒதுக்கி வைங்க, கம்மியான மாசத்துக்கு அதுலேர்ந்து சம்பளம் மாதிரி எடுத்துக்கலாம்.

பட்ஜெட் மீறும். கண்டிப்பா மீறும். மீறினா வேற தலைப்புலேர்ந்து எடுத்து போட்டு, எடுத்தேன்னு எழுதிடுங்க, அந்த மாசத்த மூடிடாதீங்க. மளிகை தாண்டிடுச்சா, துணிமணிலேர்ந்து எடுங்க. வருஷாந்திர அக்கவுண்ட்லயும் கைவெக்காதீங்க, கார்டுல தள்ளியும் விடாதீங்க. மாசம் 3 சதவீதம்னு கார்டு வட்டி சின்னதா தெரியும், கூட்டு வட்டியா ஒரு வருஷம் ஓடினா அது 42 சதவீதத்த தாண்டிடும். ஒரே தலைப்பு தொடர்ந்து 3 மாசம் மீறினா தப்பு உங்க மேல இல்ல, அங்க போட்ட நம்பர் தப்பு, அத ஏத்திட்டு வேற எங்க குறைக்கலாம்னு பாருங்க.

அப்புறம் அந்த "தெரியல" தலைப்பு. முதல் மாசம் எங்களுக்கு அது மளிகைய விட பெருசா இருந்துச்சு, ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டோம். இப்போ அது ஷீட்ல கடைசி வரில இருக்கு, இன்னும் பூஜ்யம் ஆகல.