நம்ம தாலாட்டும் காவடிச்சிந்தும் ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார்ல வாசிக்கிறது எப்படி

பினாங்குல கிட்டார் கத்துக்கிற நம்ம பிள்ளைங்க நிறைய பேர் சினிமா பாட்டுக்கு கார்ட் (பல சுரத்த ஒரே நேரத்துல சேத்து மீட்டுறது) போட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க, அதே பழக்கத்துல தாலாட்டுக்கும் காவடிச்சிந்துக்கும் சி, ஜி, ஏ மைனர்னு கார்ட் தேடுறாங்க, அங்கதான் பாட்டு கெட்டுப் போகுது. நம்ம பழைய பாட்டு கார்ட் மேல கட்டுன பாட்டு இல்லங்க. கீழ சுருதி ஓடிக்கிட்டே இருக்கும், அது மேல ஒரே ஒரு குரல் ஏறி இறங்கும், அவ்ளோதான். அதனால கிட்டார்ல முதல் வேலை அந்த சுருதிய ஓப்பன் கம்பியில, அதாவது விரல் வைக்காம மீட்டுற கம்பியில, கொண்டுவந்து வைக்கிறது. கார்ட் எல்லாம் அப்புறம், பாதி பாட்டுக்கு அது தேவையே படாது.

கிட்டார எடுக்கிறதுக்கு முன்னாடி பாட்ட வாயால பாடிப் பழகிடணும், இதுல மட்டும் சமாதானமே கிடையாது. யூட்யூப்ல டேப் (எந்த கம்பியில எங்க விரல் வைக்கணும்னு எண்ல எழுதுன குறிப்பு) தேடாதீங்க, வீட்டுல இருக்கிற பாட்டிய கேளுங்க. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன காலத்து பாட்டிமார் இன்னும் பட்டர்வொர்த் பக்கமும் தீவுல ஃப்ளாட்டுலயும் இருக்காங்க, அவங்ககிட்ட இருக்கிற தாலாட்டும் கும்மியும் எந்த புத்தகத்துலயும் அதே மாதிரி கிடைக்காது. போன்ல பதிவு பண்ணுங்க, பண்றப்போ காத்தாடிய நிறுத்திடுங்க, இல்லன்னா பின்னாடி கேக்கும்போது அந்த இரைச்சல்ல சின்ன சின்ன வளைவெல்லாம் காணாம போயிடும். அப்புறம் ஒரு ட்யூனர் ஆப் வெச்சு, ஒவ்வொரு அடியும் முடியுற இடத்துல பாட்டி எந்த சுரத்துல வந்து நிக்கிறாங்கன்னு பாருங்க. அநேகமா அந்த நிக்கிற சுரம்தான் உங்களுக்கு ஷட்ஜம், அதாவது ஸ. அதுக்கப்புறம் பாட்ட ஸ ரி க ம-வுல ஒரு தாள்ல எழுதிக்கோங்க, ஏன்னா சுரத்துல எழுதினா எந்த ட்யூனிங்குக்கும் மாத்திக்கலாம்.

இப்ப ட்யூனிங். நான் சொல்றது டாட்காட் ட்யூனிங், அதாவது தடிச்ச கம்பியிலருந்து டி, ஏ, டி, ஜி, ஏ, டி. 1960கள்ல இங்கிலாந்து கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்புன ட்யூனிங் இது, ஆனா நம்ம பாட்டுக்குன்னே செஞ்ச மாதிரி உக்காரும். தடிச்சது ஆறாவது கம்பி, மெலிசு முதல் கம்பி. வழக்கமான ட்யூனிங்லருந்து ஆறாவது, ரெண்டாவது, முதல் கம்பி மூணையும் ரெண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல இருக்கிற குறுக்குக் கட்டம்) அளவு இறக்கணும், மத்த மூணையும் தொடவே வேணாம். ஆறாவது கம்பிய நாலாவது கம்பியோட சேத்து மீட்டி ஒரு ஸ்தாயி கீழ ஒட்டுற வரைக்கும் இறக்குங்க, ரெண்டாவத அஞ்சாவதோட ஒத்துப் பாருங்க, முதல் கம்பிய நாலாவதோட. டி-ய ஷட்ஜமா வெச்சா ஓப்பன் கம்பி எல்லாம் ஸ ப ஸ ம ப ஸ-ன்னு வரும், காந்தாரமே (க) கிடையாது, அதனால எந்த ராகத்தையும் இது மேஜர் மைனர்னு அடைக்காது. மூணு கம்பி நல்லா தளர்ந்து போறதால தடிமனான 12 செட் கம்பி போடுங்க, மெலிசான 10 போட்டா ஆறாவது கம்பி லொடலொடன்னு ஃப்ரெட்டுல அடிக்கும்.

முதல்ல தாலாட்டு, ஏன்னா வேகம் கம்மி, தப்ப காதே பிடிச்சிடும். நம்ம தாலாட்டுல நிறைய நீலாம்பரி ராகத்தோட சாயல்ல இருக்கும். டி தான் ஷட்ஜம், முதல் கம்பி ஓப்பன் ஸ. இறங்குற பிடி (சுரக்கோர்வை) ப ம க ரி க ஸ: முதல் கம்பியில 7, 5, 4, 2, 4-ஆவது ஃப்ரெட், கடைசியா ஓப்பன். ஆறு சுரத்தையும் ஆறு தடவை மீட்டாதீங்க. 7-ல ஒரு தடவை மீட்டிட்டு அதே விரல்ல 5-க்கும் 4-க்கும் வழுக்கிட்டு வாங்க, 2-ல திரும்ப மீட்டி, மோதிர விரலால 4-ஐ அடிச்சு எழுப்பி, அங்கருந்து இழுத்து விட்டு ஓப்பன்ல நில்லுங்க. வாயில ஆராரோன்னு சொல்லிக்கிட்டே செய்ங்க, 'ரா' நீளுற இடத்துல விரலும் நீளணும். கட்டை விரல் ஆறாவது கம்பிய தொட்டில் ஒரு பக்கம் போறப்ப ஒண்ணு, திரும்புறப்ப அஞ்சாவது கம்பியில ஒண்ணு, அதுக்கு மேல வேணாம்.

அடுத்து காவடிச்சிந்து, எனக்கு ரொம்ப பிடிச்சது. கழுகுமலை முருகன் மேல அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டுல பாடினதுலருந்து இன்னைக்கு தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறுறவங்க பாடுறது வரைக்கும் இந்த சந்தம் ஓடிக்கிட்டே இருக்கு. செஞ்சுருட்டி ராகத்துல வர்ற மெட்டு இதுல ரொம்ப பழக்கம். செஞ்சுருட்டி மேல் ஷட்ஜத்துக்கு போறதில்ல, கீழ தைவதம் (த) பஞ்சமம் (ப) வரைக்கும் இறங்கி மேல நிஷாதத்தோட (நி) நின்னுடும், அதனால பாடுறவங்க மத்யம சுருதி வைப்பாங்க, அதாவது தம்புரால பஞ்சமத்துக்கு பதிலா மத்யமம் (ம) கேக்கும். இப்ப பாருங்க, டாட்காட்ல எதையும் திருகாம ஏ-ய ஷட்ஜமா எடுத்துக்கிட்டா டி தானாவே மத்யமம் ஆயிடுது, கட்டை விரல் ஆறாவது கம்பிய மீட்டினாலே மத்யம சுருதி ரெடி!

ஏறுறது த ஸ ரி ம க ரி ம ப த நி. கீழ் த நாலாவது கம்பி 4, ஸ ரெண்டாவது கம்பி ஓப்பன், ரி அதுலயே 2. அடுத்து வர்ற ம-வுலதான் எல்லாரும் தடுமாறுறாங்க. முதல் கம்பி ஓப்பன்லயே ம இருக்கேன்னு அங்க போயிடுவாங்க, ஆனா ஓப்பன் கம்பியிலருந்து க-வுக்கு குழைஞ்சு இறங்க முடியாது, சுரம் பட்டுன்னு வெட்டி விட்ட மாதிரி கேக்கும். அதனால இந்த ம-வ ரெண்டாவது கம்பி 5-ல சுண்டு விரலால பிடிங்க, மோதிர விரல் 4-லயும் ஆள்காட்டி 2-லயும் முன்னாடியே உக்காந்திருக்கட்டும், ஒரே மீட்டுல 5, 4, 2-ன்னு இழுத்து விட்டா ம க ரி ஒரே மூச்சுல வரும். அதுக்கு அடுத்த ம மேல ஏறப் போற ம, அது மட்டும் முதல் கம்பி ஓப்பன்ல, அங்கருந்து ப 2, த 4, நி 5. ஒரே சுரத்துக்கு ரெண்டு இடம், இறங்குறதுக்கு ஒண்ணு, ஏறுறதுக்கு ஒண்ணு. இத பிடிச்சிட்டீங்கன்னா அஞ்சு ஃப்ரெட்டுக்குள்ள முழு பாட்டும் அடங்கிடும்.

தாளம் திஸ்ரம், அதாவது மூணு மூணா எண்ணுறது, தகிட தகிட. முதல் 'த'வுக்கு கட்டை விரல் ஆறாவது கம்பி, ரெண்டாவது 'த'வுக்கு நாலாவது கம்பி, மெட்டு நாலாவது கம்பிக்கு இறங்குற இடத்துல மட்டும் அஞ்சாவது கம்பிக்கு மாத்திக்கோங்க. முதல் கம்பி மோதிர விரல், ரெண்டாவது நடு விரல், மூணாவது ஆள்காட்டி. வலது உள்ளங்கை ஓரத்த பிரிட்ஜ் (கம்பி கட்டியிருக்கிற கட்டை) கிட்ட லேசா வெச்சு தடிச்ச பாஸ் கம்பிய அமுக்கினா மேளம் மாதிரி தும் தும்னு வரும், மெட்டு மட்டும் தெளிவா மேல நிக்கும். மெட்ரோனோம (தாளம் தட்டுற கருவி) ஒரு தகிடவுக்கு ஒரு தட்டுன்னு நிமிஷத்துக்கு 50-ல வெச்சு ஆரம்பிங்க, கட்டை விரல் தானா ஓடுற வரைக்கும் மெட்ட சேக்காதீங்க. இங்க உறுமி கேட்டு வளந்த காதுக்கு அது இல்லாம காவடி மாதிரியே இருக்காது, அதுக்கும் வழி இருக்கு: ஆறாவது கம்பி 2-ல மீட்டின உடனே அமுக்கின விரல விடாம 5 வரைக்கும் வேகமா வழுக்கினா, வளைஞ்ச குச்சிய தோல்ல தேய்க்கிறப்ப வர்ற அந்த ஊம் சத்தத்துக்கு கிட்டத்துல வரும். ரெண்டு அடிக்கு ஒரு தடவை போதும்.

கார்ட் வேணும்னே தோணுச்சுன்னா அடி முடியுற இடத்துல மட்டும் ஒண்ணு வைங்க. நாதநாமக்கிரியா, புன்னாகவராளி மாதிரி சின்ன ரிஷபம் (ஸ-வுக்கு ஒரே ஒரு ஃப்ரெட் மேல இருக்கிற ரி) வர்ற ராகத்துல அதுவும் வேணாம், சுருதி மட்டும் போதும். ஒப்பாரிய கடைசியா எடுங்க, அதுக்கு தாளக்கட்டு கிடையாது, மூச்சுதான் கணக்கு, அதோட யார் வீட்டுப் பாட்டோ அவங்ககிட்ட கேட்டுட்டு வாசிக்கிறதுதான் மரியாதை.

நம்ம ஊரு ஈரக்காத்துக்கு கம்பி சீக்கிரமே துரு பிடிக்கும், வழுக்குறப்ப அந்த சொரசொரப்பு நல்லாவே கேக்கும், அதனால வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால துடைங்க, கோட்டிங் போட்ட கம்பி விலை கூடுதல்னாலும் இந்த வாசிப்புக்கு அதுதான் சரி. கிட்டார பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, 45லருந்து 55 சதவீதம் ஈரப்பதம்தான் மரத்துக்கு நல்லது.

யாராவது பாட நீங்க வாசிக்கிறதா இருந்தா கேப்போ (எல்லா கம்பியையும் ஒரே ஃப்ரெட்டுல அமுக்குற கிளிப்) வாங்கிக்கோங்க. டி ஷட்ஜம்னா 2 கட்டை (கட்டைங்கிறது பாடுறவங்க சுருதி எவ்ளோ உயரம்னு சொல்ற அளவு), கேப்போ ரெண்டாவது ஃப்ரெட்டுல போட்டா 3 கட்டை, அஞ்சாவதுல போட்டா 5 கட்டை. பாடுறப்போ மெட்ட கூடவே வாசிக்காதீங்க, சுருதியும் தகிடவும் மட்டும் போட்டுட்டு, அவங்க மூச்சு வாங்குற இடத்துல அந்த அடியோட கடைசி பிடிய திருப்பி வாசிங்க. பாட்டிமாருக்கு நடுவுல சுருதி ஏறும், அப்ப பாட்ட நிறுத்தாதீங்க, மெட்ட விட்டுட்டு தாளத்த மட்டும் அமுக்கின கம்பியில ஓட்டுங்க, அடுத்த சரணத்துக்கு முன்னாடி கேப்போவ ஒரு ஃப்ரெட் தள்ளிக்கலாம்.